முதன்முறை சட்டமன்றம் போகிறவர்களுக்கு

தம்பி, தங்கைகளே! காதுகுத்து, கல்யாணம், துக்க வீடு எதையும் விட்டுவிடாதீர்கள், ஊர் எதிர்பார்க்கிறது. ஆனால் அமைச்சரை அவையில் எழுப்பிப் பதில் கேட்கும் உரிமை தமிழ்நாட்டில் 234 பேருக்குத்தான் உண்டு. அந்த வேலைக்குத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள்.

1. கேள்வி நேரத்துக்குத் தயாராகப் போங்கள். “எங்கள் ஏரி தூர்வாரப்படுமா?” என்று கேட்டால், “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்பார்கள், அதோடு முடிந்தது. முதலில் கரையில் நடந்து பாருங்கள். எந்த மதகில் ஷட்டர் போயிருக்கிறது, கடைமடைக்கு எத்தனை வருடமாகத் தண்ணீர் வரவில்லை என்று ஆயக்கட்டுக்காரர்கள் சொல்வார்கள். மதிப்பீடு போட்டாயிற்றா, எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்பதை உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். பிறகு அவையில், “மதிப்பீடு போன பிறகும் நிர்வாக ஒப்புதல் ஏன் வரவில்லை?” என்று துணைக் கேள்வி போடுங்கள். மழுப்ப முடியாது.

2. கிடைத்த வாக்குறுதியைத் தேதியோடு குறித்துவையுங்கள். அதைத் தொடர்ந்து கேட்கவே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது.

3. மானியக் கோரிக்கை விவாதத்தில் தலைவரை வாழ்த்தியே நேரத்தைத் தீர்த்துவிடாதீர்கள். எனக்கு இது தீராத வருத்தம். துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை முந்தின இரவே படித்துவிட்டுப் பேசுங்கள்.

4. பொதுக் கணக்குக் குழுவில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு துறைச் செயலாளர்களையே விசாரிக்கலாம்.

5. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால், 1985இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி பதவியே போகலாம். மாறுபட்ட கருத்திருந்தால் கட்சிக் கூட்டத்தில் முன்னதாகவே, தைரியமாகச் சொல்லுங்கள்.

6. தொகுதி மேம்பாட்டு நிதியை உங்கள் கையில் தரமாட்டார்கள். நீங்கள் பரிந்துரைப்பீர்கள், ஆட்சியர் ஒப்புதல் தருவார். ஒப்பந்தக்காரரை நீங்கள் கைகாட்டவே கூடாது.

7. பொறுமை வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குப் போனார். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்தை ஒழிக்க அங்கே குரல் கொடுத்தார். 1930இல் பதவியை விட்டார். சட்டம் வந்தது 1947இல். இடைப்பட்ட காலமெல்லாம் அவர் சும்மா இருக்கவில்லை.

8. தோற்றால், அலுவலகத்தைக் காலி செய்யுமுன் முதியோர் உதவித்தொகை, பட்டா என்று நிலுவையில் உள்ள மனுக்களைப் பட்டியலிட்டு, ஜெயித்தவரிடம் நேரில் கொடுங்கள். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, மனு போட்ட பாட்டி மறுபடி முதலிலிருந்து அலையக் கூடாது.