உறக்கத்தில் மூச்சுத் தடை: வீட்டுச் சோதனைக் கருவியின் பயனும் எல்லையும்

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது இயல்பு. சிலருக்கு அத்தளர்ச்சியால் மூச்சு செல்லும் வழியே அடைபட்டுவிடுகின்றது. மார்பும் வயிறும் முயன்றுகொண்டிருக்க, காற்று மட்டும் உட்செல்வதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறையவே, மூளை ஒரு கணம் விழிப்புற்று வழியைத் திறக்கின்றது. உரத்த குறட்டையுடன் மூச்சு திரும்புகின்றது. இரவில் இது பன்முறை நிகழினும் நோயாளி அறியார். பகலில் தூங்கிவழிவதையே அவர் அறிவார்.

ஆய்வகத்தில் ஓரிரவு தங்கி, மூளை மின்னலைகள், விழியசைவு, மூச்சு, இதயத் துடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்வதே இதனை அறியும் முழுமையான முறை. அவ்வசதி எல்லா ஊர்களிலும் இல்லை, செலவும் மிகுதி. ஆகவே சிறு கருவியொன்றை வீட்டிற்கே கொடுத்தனுப்பும் வழக்கம் பரவியுள்ளது. மூக்கில் பொருத்தும் மெல்லிய குழாய் காற்றோட்டத்தையும், மார்பைச் சுற்றிய பட்டி மூச்சு முயற்சியையும், விரலில் மாட்டும் உறுப்பு பிராணவாயுவின் அளவையும் பதிகின்றன. ஒளியைச் செலுத்தி நாடித் துடிப்பைக் கொண்டு பிராணவாயுவை அளக்கும் முறையை, ஜப்பானியப் பொறியியலாளர் டகுவோ அவோயாகி 1974-ல் வெளியிட்டார்.

காற்றோட்டம் பத்தில் ஒன்பது பங்கேனும் குறைந்து, 10 விநாடியேனும் நீடித்தால் அது ஒரு தடை. பிராணவாயுவைக் குறைக்கும் பகுதித் தடைகளும் சேர்க்கப்படும். வயது வந்தோருக்கு மணிக்கு 5-க்குக் குறைவாயின் இயல்பு. 15-க்கு மேல் நடுத்தரம். 30-க்கு மேல் கடுமை.

இக்கணக்கில்தான் ஓர் இடர் உளது. மூளையலைகளைப் பதியாத கருவிக்கு, நோயாளி உறங்கினாரா, விழித்துக் கிடந்தாரா என்பது தெரியாது. 8 மணி நேரப் பதிவில் 36 தடைகள் காணப்பட்டால், மணிக்கு 4.5 எனக் காட்டும். நோயில்லை என்பது பொருள். அவர் உறங்கியது 5 மணி நேரமே எனில், உண்மை அளவு 7.2 ஆகும், நோய் உண்டு. இரவில் லாரி ஓட்டுபவர் கையில் 'இயல்பு' என்னும் அத்தாள் இருப்பது அபாயமே. குறிகள் வலுவாயிருந்தும் வீட்டுச் சோதனையில் நோய் தென்படாவிடில், ஆய்வகச் சோதனை வேண்டும் என அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகின்றது. கடும் இதய நோய், நுரையீரல் நோய், பக்கவாதம் உடையோரையும் அது நேரே ஆய்வகத்திற்கே அனுப்பச் சொல்கின்றது.

வகுப்பில் தூங்கிவழியும் சிறுவருக்கும் இக்கருவி ஏற்றதன்று. அவர்களுக்கு வீங்கிய டான்சில் காரணமாக இருத்தல் கூடும்; பெற்றோரிடம் குறட்டையைப் பற்றி வினவி வைத்தியரிடம் அனுப்புக.

கருவியைக் கொடுக்கும் களப்பணியாளர், படுத்த நேரம், இடையில் விழித்த நேரம், எழுந்த நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிவருமாறு நோயாளியிடம் சொல்லுதல் வேண்டும். அத்தாளும் பதிவுடன் வைத்தியரிடம் செல்க.