பழைய லாரியின் பிரேக்கும் வெற்றிடத்தின் துணையும்

அமெரிக்க நாட்டில் 1947-ஆம் ஆண்டு முதல் 1955-ஆம் ஆண்டின் முற்பகுதி வரையில் செவ்ரோலே கம்பெனியார் செய்து விற்ற சிறு லாரிகளை இன்றும் பலர் அன்புடன் பேணி வருகின்றனர். ஒருகாலத்தில் பண்ணைகளில் தானியமும் வைக்கோலும் சுமந்த அவ்வண்டிகள், இப்பொழுது பெருஞ்சாலைகளில் புதிய மோட்டார்களின் நடுவே ஓட வேண்டியிருக்கின்றன. புதிய வண்டியோ மெல்லக் கால் வைத்த அளவில் நிற்கும். பழைய சிறு லாரியை நிறுத்துவதற்குரிய பலம் முழுவதும் ஓட்டுவோன் காலிலிருந்தே பிறத்தல் வேண்டும். ஆதலின், அவ்வண்டிகளை உடையோர் பலர் காலுக்குத் துணைசெய்யும் ‘பூஸ்டர்’ என்னும் கருவியை அவற்றிற் பொருத்துகின்றனர். அக்கருவிக்கு வெற்றிடம் வேண்டும். அதனை எங்கிருந்து பெறுவது? இவ்வினாவை ஆராயப் புகின், பௌதிக சாஸ்திரத்தின் முதற்பாடம் ஒன்று நம்முன் வந்து நிற்கும்.

வெற்றிடம் பொருள்களை இழுக்கும் என்று கூறுவது உலக வழக்கு. உண்மை அதுவன்று. வெற்றிடத்திற்கு யாதொரு வலிமையும் இல்லை. வலிமை உடையது அதனைச் சூழ்ந்த வாயுமண்டலமே. இத்தாலி தேசத்து டாரிசெல்லி 1643-ஆம் ஆண்டில் பாதரசக் குழாயைக் கொண்டு வாயுமண்டலத்தின் அமுக்கத்தை அளந்தறிய வழிகாட்டினார். ஜெர்மனியில் மக்டபர்க் நகரத்து ஆட்டோ வான் கெரிக் என்பார் இரண்டு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, இருபுறமும் குதிரைகளைப் பூட்டி இழுப்பித்தும் அவை எளிதிற் பிரியாமையைக் காட்டினார். கடல்மட்டத்தில் இவ்வமுக்கம் சதுர அங்குலம் ஒன்றுக்கு 14.7 ராத்தல், பாதரச அளவையிற் கூறின் ஏறக்குறைய 30 அங்குலம்.

பூஸ்டர் என்பது தகட்டாலாகிய ஒரு வட்டப் பெட்டி. அதன் நடுவே ஒரு ரப்பர்ச் சவ்வு உளது. பிரேக்கை மிதியாத வேளையில் சவ்வின் இருபுறமும் வெற்றிடமே நிலவுதலால் அது அசைவற்றிருக்கும். மிதித்தவுடன் ஒரு வால்வு திறந்து, ஓட்டுவோன் பக்கத்து அறையில் மட்டும் வெளிக்காற்றைப் புகவிடும். அக்காற்று சவ்வையும், சவ்வு கோலையும், கோல் பிரேக் எண்ணெயையும் தள்ளும். எட்டு அங்குல விட்டமுள்ள சவ்வின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர அங்குலம். வெற்றிடம் 18 அங்குலமாயின், சதுர அங்குலத்திற்கு 8.8 ராத்தல் வீதம் சுமார் 440 ராத்தல் பலம் கிடைக்கும். வெற்றிடம் 10 அங்குலமாகக் குறையின் அப்பலமும் 245 ராத்தலாகச் சுருங்கும். கருவி ஒன்றே, பலம் மட்டும் ஏறக்குறையப் பாதியாய்விட்டது. வெற்றிடம் பெறும் இடத்தைத் தேர்ந்தறிதல் எத்துணை இன்றியமையாதது என்பது இக்கணக்கினால் விளங்கும்.

இம்முறை புதியதன்று. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ என்னும் மோட்டார் வண்டி 1928-ஆம் ஆண்டிலேயே இத்தகைய துணைக்கருவியைப் பெற்றிருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஓடிய ஜி.எம்.சி. ஆறு சக்கர ராணுவ லாரிகளிலும் வெற்றிடத் துணையுடைய பிரேக் அமைந்திருந்தது.

இனி, வெற்றிடம் பிறக்கும் இடம் யாது எனக் காண்போம். பெட்ரோல் இயந்திரத்தின் பிஸ்டன் கீழிறங்குந்தோறும் காற்றை உட்கொள்ள முயல்கிறது. கார்புரேட்டரில் உள்ள த்ராட்டில் தட்டு அக்காற்றை மறிக்கிறது. தட்டிற்கும் சிலிண்டர்களுக்கும் இடைப்பட்ட குழாயே ‘இன்டேக் மானிபோல்டு’ எனப்படும். வேண்டிய காற்று வந்து சேராமையால் அக்குழாயில் வெற்றிடம் உண்டாகிறது. தட்டு மூடியிருக்கையில் அது மிகும், திறக்குந்தோறும் குறையும். அக்காலத்து லாரிகளில் மழைநீர் துடைக்கும் வைப்பரும் இவ்வெற்றிடத்தாலேயே இயங்கியது. மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வைப்பர் தளர்ந்து நின்றுவிடுவதை ஓட்டுவோர் நன்கறிவர். ஆனால், பிரேக்கிற்கு இக்குறை பெரிதும் இல்லை. பிரேக்கை மிதிக்குமுன் கால் ஆக்ஸிலேட்டரை விட்டு நீங்குகிறது, தட்டு மூடுகிறது, வெற்றிடம் மிகுகிறது. துணை வேண்டிய அத்தருணத்திலேயே துணை நிரம்பியிருப்பது இவ்வமைப்பின் தனிச்சிறப்பாம்.

ஆகவே பூஸ்டரின் குழாயை மானிபோல்டிலேயே, கார்புரேட்டருக்குக் கீழே, எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான பகுதியில் இணைத்தல் வேண்டும். இதில் விலக்கத்தக்கன மூன்று. முதலாவது, கார்புரேட்டரில் த்ராட்டில் தட்டிற்கு மேலே அமைந்த சிறு துளை. தட்டு மூடிய வேளையில் அங்கு வெற்றிடமே இராது. இரண்டாவது, ஒரே சிலிண்டருக்குச் செல்லும் கிளைக்குழாய்; அங்கு வெற்றிடம் துடித்துத் துடித்து வருவதோடு, கசிவு நேரின் அச்சிலிண்டரின் எரிகலவையும் கெடும். மூன்றாவது, வைப்பருக்காகப் பெட்ரோல் பம்புடன் இணைத்துச் செய்யப்பட்ட சிறு வெற்றிடப் பம்பு. வைப்பருக்குப் போதுமாயினும் பிரேக்கிற்கு அது போதாது. இணைக்கும் ரப்பர்க் குழாய் வெற்றிடத்தால் நசுங்காத தடிப்பும், பெட்ரோல் ஆவியால் கெடாத தன்மையும் உடையதாயிருத்தல் வேண்டும். சாதாரணத் தண்ணீர்க் குழாய் இதற்கு உதவாது.

நல்ல நிலையிலுள்ள இயந்திரம், கடல்மட்டத்தில், மெல்ல ஓடும்பொழுது 17 முதல் 21 அங்குலம் வரை வெற்றிடம் தரும். உயரம் ஆயிரம் அடி ஏறுந்தோறும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். 5,280 அடி உயரத்திலுள்ள டென்வர் நகரத்தில் இக்குறைவு 5 அங்குலமாகும். வேகத்தை விரும்பிப் பழைய காம் தண்டை நீக்கி, வால்வுகள் நெடுநேரம் திறந்திருக்கச் செய்யும் புதிய தண்டை இடுவோரும் உளர். அவர்தம் இயந்திரம் மெல்ல ஓடுகையில் 10 அங்குலமே தருதல் கூடும். டீசல் இயந்திரத்திலோ பெரும்பாலும் காற்றை மறிக்கும் தட்டே இல்லை. ஆதலால் வெற்றிடமும் இல்லை.

இவற்றிற்குப் பரிகாரம் இரண்டு: சேமத் தொட்டியும் தனிப் பம்பும். தொட்டியானது ஓட்டத்தின் இடையே கிடைத்த நல்ல வெற்றிடத்தைச் சேமிக்குமேயன்றித் தானே உண்டாக்காது. மழையே பெய்யாத ஊரில் ஏரி வெட்டி என்ன பயன்? ஆகையால் எவ்வேளையிலும் போதிய வெற்றிடம் தராத இயந்திரத்திற்கு, மின்சாரத்தாலோ இயந்திரத்தாலோ சுழலும் பம்பு ஒன்றே ஏற்றது.

குழாயின் வழியில் ஒருவழி வால்வு அமைதல் அவசியம். அது பூஸ்டரிலுள்ள காற்றை இயந்திரத்தின் பக்கம் போகவிடும்; திரும்பி வரவிடாது. இயந்திரம் திடீரென நின்றுவிட்டாலும் ஓரிரு முறை மிதிப்பதற்குரிய துணை பெட்டியில் எஞ்சியிருப்பது இதனாலேயாம். இறக்கத்தில் இயந்திரம் நின்ற லாரிக்கு இச்சிறு வால்வே உயிர்த்துணை.

வேலை முடிந்தபின் சோதித்தல் கடமை. முதலில், இயந்திரம் சூடேறி மெல்ல ஓடுகையில், இணைப்பிடத்தில் வெற்றிடமானியை வைத்து அளத்தல். இரண்டாவது, இயந்திரத்தை நிறுத்திப் பலமுறை மிதித்துச் சேமிப்பைத் தீர்த்து, மிதியை அழுத்தியபடியே இயந்திரத்தைத் தொடங்குதல். மிதி சற்றே தாழ்ந்தால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று கொள்ளலாம். மூன்றாவது, இயந்திரத்தை ஓட்டி நிறுத்திச் சில நிமிஷங்கள் கழித்து மிதித்தல். முதல் மிதிப்பே கடினமாயின் வால்விலோ குழாயிலோ கசிவு உளது.

இறுதியாக ஒன்று. பூஸ்டர் காலுக்குத் துணையேயன்றிப் பிரேக்கிற்கு மாற்றன்று. அவ்வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டரின் ஒரே அறையிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் செல்கிறது. ஓரிடத்தில் குழாய் வெடிப்பின் நான்கும் பயனற்றுப்போம். தேய்ந்த லைனிங்கையும் துருப்பிடித்த குழாயையும் அப்படியே விட்டு, அவற்றின்மேல் 440 ராத்தல் பலத்தை ஏற்றுவது அறிவுடைமை ஆகாது. முதலில் பிரேக்கைச் செம்மை செய்க. பின்னர் வெற்றிடமானியை நோக்குக. அதன்பின்னரே பூஸ்டரை விலைக்கு வாங்குக. இவ்வரிசை மாறாதவரையில் பழைய லாரியும் புதிய சாலையில் அச்சமின்றிச் செல்லும்.