ஃபயர் அலாரம் பேனல்களும் ஒரு நெட்வொர்க்தான்!

சென்ற இதழில் வீட்டிலுள்ள இரண்டு கம்ப்யூட்டர்களை இணைப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். அதே பாடம் உயிர் காக்கும் இடம் ஒன்றை இம்மாதம் பார்ப்போம்.

பெரிய கட்டடங்களின் நுழைவாயில் அருகே சுவரில் ஒரு பெட்டி இருக்கும். அதுதான் ஃபயர் அலாரம் கண்ட்ரோல் பேனல். கூரையிலுள்ள ஸ்மோக் டிடெக்டர்கள் புகையை உணர்ந்ததும் இதற்குத் தகவல் தரும். இது மணியை ஒலிக்கச் செய்யும். இதுவும் ஒரு சிறிய கம்ப்யூட்டரே.

ஒரு கட்டடத்திற்கு ஒரு பேனல் போதும். ஆனால் கடலூர் - சிதம்பரம் சாலையிலுள்ள சிப்காட் தொழிற்சாலைகள், சிதம்பரத்தில் 1929-ல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற பரந்த வளாகங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு கோடியில் மணி அடித்தால் மறு கோடியிலுள்ள காவலருக்குக் கேட்காது. 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. புகை மேல் மாடிகளுக்கு ஏறியதில் ஏறத்தாழ 90 பேர் இறந்தனர். தீ ஓரிடம், ஆபத்து வேறிடம். அதனால்தான் பேனல்களை இணைக்கிறார்கள்.

முகவரி: ஐ.பி. முகவரி போல ஒவ்வொரு பேனலுக்கும் தனி எண் வேண்டும். இரண்டுக்கு ஒரே எண் தந்தால் குழப்பம்தான்.

கேபிள்: பல பேனல்கள் ஆர்.எஸ். 485 முறையில் இரட்டை முறுக்குக் கம்பியில் பேசுகின்றன. இது சுமார் 1,200 மீட்டர் வரை செல்லும். அதற்கு மேல் ஃபைபர் ஆப்டிக் கேபிள் நல்லது.

வளையம்: 1, 2, 3, 4 என இணைத்து, 4-ஐ மீண்டும் 1-உடன் இணையுங்கள். ஓரிடத்தில் கேபிள் அறுந்தாலும் தகவல் மறுபக்கமாகச் சுற்றி வந்துவிடும். போகும் கேபிளையும் திரும்பும் கேபிளையும் ஒரே பள்ளத்தில் புதைக்காதீர்கள். ஜே.சி.பி. தோண்டினால் இரண்டும் சேர்ந்தே அறும்.

பேட்டரி: 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் தாக்கியபோது கடலூர் மாவட்டத்தில் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. பேனலின் பேட்டரி பொதுவாக ஒரு நாள் அளவுக்கே கணக்கிடப்படுகிறது. எனவே ஜெனரேட்டர் இணைப்பும் அவசியம்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது இதுதான்: நெட்வொர்க் முழுவதும் செயலிழந்தாலும் ஒவ்வொரு பேனலும் தன் கட்டடத்தின் மணியைத் தானே அடிக்க வேண்டும். வீட்டில் ஹப் கெட்டால் பிரிண்ட் வராது, அவ்வளவே. இங்கே அப்படி இருக்கக் கூடாது. அமைத்துத் தருபவரிடம் நெட்வொர்க் கேபிளைக் கழற்றச் சொல்லி, ஒரு டிடெக்டரைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மணி அடித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.