25 டன் கல்லை நட்டு வைக்க என்ன அவசியம்?

ஸ்டோன்ஹெஞ்ச் பற்றி யூடியூபில் தேடினால் ஏலியன் கதைகள் வரிசை கட்டி வரும். அந்த வீடியோக்கள் எல்லாம் "எப்படிக் கட்டினாங்க?" என்ற கேள்வியையே சுற்றிச் சுற்றி வரும். அதைவிடக் கஷ்டமான கேள்வி "ஏன் கட்டினாங்க?" என்பதுதான். நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் முதலில் 'நோக்கம்' என்று ஒரு பத்தி எழுதுவோம். அதைக் கட்டினவங்களுக்கு எழுத்தே கிடையாது. அதனால கட்டி முடிச்ச பொருளை வச்சு நோக்கத்தைக் கண்டுபிடிக்கணும். சுருக்கமா சொன்னா, ரிவர்ஸ் இன்ஜினியரிங்.

முதலில் ஸ்பெசிஃபிகேஷன்

இடம், தெற்கு இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளி. கி.மு. 3000 வாக்கில் சுமார் 100 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டப் பள்ளம் தோண்டினாங்க. மான் கொம்புதான் கடப்பாரை. அதற்குள்ளே 56 குழிகள். பிறகு கி.மு. 2500 வாக்கில் நாம் போட்டோவில் பார்க்கிற பெரிய கற்கள் வந்தன. 'சார்சன்' என்ற அந்தக் கல் ஒவ்வொன்றும் சராசரியா 20 முதல் 25 டன். அது வந்தது சுமார் 25 கிலோமீட்டர் தூரத்திலிருந்து என்று 2020-ல் வேதியியல் சோதனை மூலம் தெரிந்தது. 'புளூஸ்டோன்' எனப்படும் சின்னக் கற்கள் 2 முதல் 5 டன் வரை. அவை வேல்ஸ் நாட்டு மலைகளிலிருந்து, 200 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்தவை. நடுவில் கிடக்கிற 6 டன் 'பலிபீடக் கல்' ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்று 2024-ல் கண்டுபிடிச்சாங்க. அது 700 கிலோமீட்டருக்கும் மேல!

இன்னொரு விஷயம். கதவு நிலை செய்யும் தச்சர் ஒரு மரத்தில் குமிழ் விட்டு, இன்னொன்றில் துளை போட்டு மாட்டுவாரே, அதே ஜாயிண்ட்டை இவங்க கல்லில் செதுக்கியிருக்காங்க. இரும்பு உளி இல்லாமல், கல்லால் கல்லை அடித்து.

இப்போ பதில்களைச் சோதிப்போம்

பதில் 1: ட்ரூயிட் பூசாரிகளின் கோவில். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஜான் ஆப்ரி, வில்லியம் ஸ்டூக்லி போன்றவர்கள் பரப்பிய கருத்து. ஆனா ட்ரூயிட்கள் வரலாற்றில் தலைகாட்டுவதே இது கட்டி ஏறத்தாழ 2000 வருஷம் கழித்து. டைம்லைனே இடிக்குது.

பதில் 2: வானியல் கருவி. இதில் உண்மை இருக்கு. கோடைகாலத்தின் மிக நீண்ட பகலில் சூரியன் உதிக்கிற திசையும், குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலில் அது மறைகிற திசையும் இந்தக் கட்டுமானத்தின் நடு அச்சோடு பொருந்துது. 1960-களில் ஜெரால்டு ஹாக்கின்ஸ் என்ற வானியலாளர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, இது கிரகணத்தையே முன்கூட்டிச் சொல்லும் கருவி என்றார். தொல்லியலாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. நம்ம கோணத்தில் யோசிங்க: ஒரு திசையைக் குறிக்க ரெண்டு குச்சி நட்டால் போதும். 25 டன் எதுக்கு?

பதில் 3: இறந்தவர்களுக்கான இடம். இதற்கும் வலுவான ஆதாரம் உண்டு. கி.மு. 3000-லிருந்து சில நூறு வருஷம் இங்கே எரித்த எலும்புகளைப் புதைத்திருக்காங்க. மடகாஸ்கரின் தொல்லியலாளர் ரமிலிசோனினா 1998-ல் இந்த இடத்தைப் பார்த்துவிட்டு, எங்க ஊரில் கல் முன்னோருக்கு, மரம் உயிரோடு இருப்பவருக்கு என்றார். சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி டரிங்டன் வால்ஸ் என்ற இடத்தில் மர வட்டங்களும் வீடுகளும் கிடைச்சதால் அந்த யோசனை நல்லாவே பொருந்துது. ஆனா எலும்பைப் புதைக்க ஒரு குழி போதுமே?

ஆக, ரெண்டும் மூணும் சரியாவே இருந்தாலும் அந்த அதிகப்படியான உழைப்பை விளக்கலை. அந்த 'ஓவர் டிசைன்'தான் விடை தேட வேண்டிய இடம்.

பன்றிப் பல் சொன்ன சாட்சி

டரிங்டன் வால்ஸில் பெரிய விருந்துகளின் மிச்சமாக பன்றி எலும்புகள் குவிந்து கிடந்தன. பல பன்றிகளை சுமார் ஒன்பது மாத வயதில் வெட்டியிருக்காங்க. வசந்தத்தில் பிறந்த குட்டி என்றால் விருந்து நடந்தது நடுக்குளிர்காலத்தில். இன்னொரு சாட்சி, ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பு. ஒவ்வொரு ஊரின் பாறையிலும் இதன் விகிதம் வேற. தண்ணீர், செடி வழியா அது பல்லில் பதிஞ்சிடும். அப்படிச் சோதித்ததில் பன்றிகள் பிரிட்டனின் வெவ்வேறு மூலைகளில் வளர்ந்தவை என்று 2019-ல் தெரிந்தது. பக்கத்திலேயே பன்றி இருக்கும்போது தூரத்திலிருந்து ஓட்டிட்டு வந்திருக்காங்க!

கல்லும் தூரத்திலிருந்து, விருந்தும் தூரத்திலிருந்து, ஆளும் தூரத்திலிருந்து. இதை நமக்குப் புரிய வைக்க ஒரே வார்த்தை போதும்: தேர். திருவாரூர் ஆழித்தேரை நாலு வீதி சுற்றி இழுத்து, கிளம்பின இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துறோம். இயற்பியலில் இடப்பெயர்ச்சி பூஜ்யம். அதுக்காக அது வீண் வேலையா? ஊர் கூடி வடம் பிடிப்பதுதான் அங்கே பலன். நாகாலாந்தின் அங்கமி நாகர்கள் பெருவிருந்து வைத்து, ஊரே சேர்ந்து கல் இழுத்து நட்டதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்காங்க. ஸ்டோன்ஹெஞ்சும் சிதறிக் கிடந்த சமூகங்களை ஒன்றுசேர்க்கும் முயற்சி என்பதுதான் மைக் பார்க்கர் பியர்சன் போன்றவர்கள் முன்வைக்கும் வாதம். எனக்கும் இதுதான் பொருத்தமாகப் படுது. எடை குறைவா இருந்திருந்தா நோக்கமே தோத்திருக்கும்.

வேண்டாம் என்று போட்ட எலும்பு

1920-களில் வில்லியம் ஹாலி தோண்டி எடுத்த எரிந்த எலும்புகளை அருங்காட்சியகங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. 1935-ல் எல்லாவற்றையும் ஒரே குழியில் போட்டு மூடிட்டாங்க. 2008-ல் திரும்ப எடுத்தாங்க. 2018-ல் ஐசோடோப்பு சோதனை செய்தபோது, 25 பேரில் 10 பேர் அந்த வட்டாரத்தில் வாழ்ந்தவர்கள் இல்லை, மேற்கு வேல்ஸ் பக்கம் வாழ்ந்திருக்கலாம் என்று தெரிந்தது. புளூஸ்டோன் வந்த அதே திசை! 1935-ல் அந்த எலும்பைக் குப்பையில் கொட்டியிருந்தால் இந்தப் பதில் நமக்குக் கிடைச்சே இருக்காது.

இது நமக்கும் பொருந்தும். கொடுமணல் தொடங்கி தமிழ்நாட்டின் பல இடங்களில் இரும்புக் காலக் கல்வட்டங்கள் இருக்கு. ஸ்டோன்ஹெஞ்சுக்கும் இவற்றுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. காலமும் வேறு, மக்களும் வேறு. இவை ஈமச் சின்னங்கள். வட்டத்துக்கு நடுவே கற்பதுக்கையோ முதுமக்கள் தாழியோ இருக்கும். ஊர்க்காரங்க பாண்டவர் குழி, குள்ளர் வீடு என்றெல்லாம் சொல்வாங்க. பிளாட் போடும்போதும், குவாரிக்கு நிலம் ஒதுக்கும்போதும் ஜேசிபிக்கு அது வெறும் கல். ஆனா கல்வட்டத்தில் தகவல் கல்லில் மட்டும் இல்லை, அது நிற்கிற இடத்தில் இருக்கு. கல்லைப் புரட்டி ஓரமா போட்டால் டேட்டா அழிஞ்சிடும், பேக்கப் கிடையாது.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மேய்ச்சல் நிலத்திலோ மேட்டுக்காட்டிலோ பாதி புதைந்த கற்கள் வட்டமா நிற்பதைப் பார்த்தால், எதையும் தோண்டாதீங்க, நகர்த்தாதீங்க. போட்டோ எடுத்து, லொகேஷனோடு மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ அனுப்புங்க. "ஏன்?" என்ற கேள்விக்கு பதில் சொல்லும் கருவி இன்னும் இருபது வருஷம் கழித்துக்கூட வரலாம். அதுவரை கல் அதே இடத்தில் நிற்கணும்.