கால் மைல் பந்தயம் கற்றுத்தந்த உராய்வு

தமிழ்ப்பள்ளியில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் அறிவியல். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் 'உராய்வு' என்பது 'கெசெரான்' ஆனது. சொல்லை மனனம் செய்தேன். பொருள் மனத்தில் பதியவில்லை. நான்காம் படிவ இயற்பியல் தேர்வில் தோல்வியும் கண்டேன். அப்பாடத்தைப் பின்னாளில் எனக்குப் புரிய வைத்தது ஒரு காணொளி விளையாட்டு என்றால் நம்புவீர்களா?

2021-இல் வெளிவந்த 'ஃபோர்சா ஹொரைசன் 5' மெக்சிகோவைக் களமாகக் கொண்ட கார் விளையாட்டு. நின்ற இடத்திலிருந்து நேர்ப்பாதையில் பாயும் 'டிராக்' பந்தயமும் அதில் உண்டு. இவ்வகைப் பந்தயத்தின் மரபான தூரம் கால் மைல். அதாவது ஏறக்குறைய 402 மீட்டர்.

நான் 1998-ஆம் ஆண்டு டொயோட்டா சூப்ராவில் பெரிய டர்போ பொருத்தி, இன்ஜின் ஆற்றலை உச்சத்திற்கு ஏற்றினேன். அறைத்தோழனின் கார் ஆற்றலில் என்னுடையதைவிடக் குறைவு. ஆயினும் ஐந்து ஓட்டத்திலும் அவனே வென்றான். என் பின்சக்கரங்கள் புகை கக்கிச் சுழன்றனவே தவிர, கார் பாயவில்லை.

காரணம் என்ன? டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. டயரின் தன்மையும் அதன்மீது அழுத்தும் எடையும் அதைத் தீர்மானிக்கின்றன. எல்லை மீறினால் சக்கரம் வழுக்கும். வழுக்கினால் பிடிமானம் மேலும் குறையும். எனவே, பின்வருமாறு மாற்றினேன்:

1. டயர்: டிராக் டயர் பொருத்தி, பின்சக்கரங்களின் காற்றைக் குறைத்தேன். தரையில் படியும் பரப்பு கூடியது.

2. ஸ்பிரிங்: கார் பாயும்போது எடை பின்னோக்கி மாறும். ஸ்பிரிங்கை மென்மையாக்கியதும் அம்மாற்றம் சீராக நிகழ்ந்தது.

3. கியர்: முதல் கியரின் விகிதத்தைக் குறைத்தேன். சக்கரத்தை முறுக்கும் விசை தணிந்து, வழுக்கலும் குறைந்தது.

4. டிஃபரென்ஷியல்: முடுக்கும்போது இரு பின்சக்கரங்களும் ஒன்றாகச் சுழலுமாறு இறுக்கினேன்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, நேரத்தைக் குறித்துக்கொண்டேன். மாற்றியது தற்சார்பு மாறி. ஓட்ட நேரம் சார்பு மாறி. தமிழ்ப்பள்ளி ஆசிரியை பலகையில் எழுதிய அதே சொற்கள்! இன்ஜின் ஆற்றலைச் சிறிதும் கூட்டாமலேயே ஆறாவது பந்தயத்தில் வென்றேன்.

என் தம்பி இப்போது நான்காம் படிவம் பயில்கிறான். அவனுக்கு முதலில் 'உராய்வு' என்று விளக்கிவிட்டு, பிறகே 'கெசெரான்' என்கிறேன். நண்பர்களே, உங்கள் வீட்டுத் தம்பி தங்கையர்க்கும் அவ்வாறே சொல்லிக்கொடுங்கள். என்னைப்போல் அவர்கள் ஒரு தேர்வில் தோற்றுப் பாடம் கற்க வேண்டியதில்லை.