கடைசி நொடியில் கைநழுவும் ஏலம்

கேள்வி: இணைய ஏலத்தில் முடியும் நேரத்தில் யாரோ புகுந்து பொருளைத் தட்டிச் செல்வது எப்படி? புகார் செய்தாலும் விற்பவருக்கு நியாயம் கிடைப்பதில்லையே, ஏன்?

பதில்: ஏலக்கூடத்தில் ‘மூன்று தரம்’ சொல்லும்வரை எவரும் விலையை ஏற்றலாம். ஆனால் 1995-இல் தொடங்கிய இணைய ஏலத் தளமான ஈபேயில் ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். கடைசியில் புதிய கேட்பு வந்தாலும் நேரம் நீளாது. ஒருவர் தம் உச்ச விலையைப் பதிந்து வைத்தால், போட்டிக்கு ஏற்பத் தளமே அவர் சார்பில் சிறுகச் சிறுக ஏற்றிக் கேட்கும். பலர் உச்ச விலையைக் குறைத்துப் பதிந்து, பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று இருப்பார்கள். கடைசி நொடியில் புகுபவர் அந்த அவகாசத்தைத்தான் பறிக்கிறார். இதற்கென்றே மென்பொருள்கள் உண்டு. கடைசி நொடியில் கேட்பதை ஈபே விதிகள் தடுப்பதில்லை. உண்மையான உச்ச விலையை முதலிலேயே பதிந்தவருக்கு இதனால் நட்டமில்லை.

விற்பவரின் குறை வேறு. முன்பு இரு தரப்பும் ஒருவரையொருவர் மதிப்பிட்டனர். குறை சொன்ன வாடிக்கையாளரை விற்பவர்கள் பதிலுக்குப் பழித்ததால், 2008-இல் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தரும் உரிமை அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. தராசு மறுபக்கம் சாய்ந்தது என்பதே நேர்மையான கணிப்பு.

வாடிக்கையாளர் சேவையின் சிக்கல் இன்னும் ஆழமானது. நிறுவனம் இடைத்தரகர், பெரும்பாலான பொருள்களைக் கண்ணால் பார்ப்பதில்லை. ஆகவே அஞ்சல் கண்காணிப்பு எண், படங்கள், இரு தரப்பின் செய்திகள் ஆகியவற்றை வைத்தே தீர்ப்பு. வாங்கியவர் திருப்பி அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்ததை அந்த எண் காட்டும். உள்ளே கேமரா இருந்ததா, செங்கல் இருந்ததா என்பதைக் காட்டாது.