போர்டின் வோல்ட்டைக் குறையுங்கள், மானிட்டரைத் திருகாதீர்கள்

கேள்வி: ஸ்டூடியோவில் கழித்துப்போட்ட 20 அங்குல சோனி பி.வி.எம். மானிட்டர் ஒன்று கிடைத்தது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆர்கேட் போர்டிலிருந்து சிவப்பு, பச்சை, நீலம், சிங்க் வயர்களை பி.என்.சி. பிளக்குகளில் சால்டர் செய்து நேரே கொடுத்தேன். படம் உருண்டுகொண்டே இருக்கிறது. எப்போதாவது நின்றாலும் ரியூவின் வெள்ளை உடை மடிப்பே தெரியாமல் வெளுத்துக் கிடக்கிறது. மானிட்டர் பழுதா? இதே கேபிளில் மெகா டிரைவையும் மாட்டலாமா?

பதில்: மானிட்டர் நன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் அந்த வயர்களைக் கழற்றிவிடுங்கள். இப்போது சிரமப்படுவது போர்டுதான்.

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். படம் உருள்வதற்குக் காரணம் சிங்க். பி.வி.எம். முகப்பில் வெளி சிங்க் பட்டனை அழுத்தவில்லை என்றால், அது பச்சை வயரிலேயே சிங்க்கைத் தேடும். ஆர்கேட் போர்டின் பச்சையில் அது கிடையாது. பட்டனை அழுத்துங்கள். போர்டின் சிங்க் 5 வோல்ட் லாஜிக் சிக்னல் என்பதால் அந்த வயரில் 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். மானிட்டருக்குள் இருக்கும் 75 ஓமோடு சேர்ந்து அது சுமார் 0.7 வோல்ட்டாக இறங்கிவிடும்.

வெளுப்பு வேறு கதை. 1991-இல் வந்த உங்கள் போர்டு, 1985-இன் ஜம்மா இணைப்பு முறையில் அமைந்தது. ஆர்கேட் பெட்டிக்குள் இருக்கும் மானிட்டர் போர்டிடமிருந்து கரன்ட்டை அதிகம் இழுக்காது; அதனால் போர்டு வண்ணங்களைச் சில வோல்ட் அளவில் தாராளமாக அனுப்பும். பி.வி.எம். எதிர்பார்ப்பதோ வெறும் 0.7 வோல்ட், அதுவும் 75 ஓம் சுமையில். நேரே மாட்டினால் பிரகாசமான நிறங்கள் எல்லாம் உச்சத்தில் முட்டி ஒன்றாகிவிடும். போர்டின் வீடியோ டிரான்சிஸ்டர்களும் தங்களுக்கு விதிக்காத சுமையை இழுக்கும்.

இங்கேதான் பலர் மானிட்டரின் கான்ட்ராஸ்ட்டைக் குறைத்துச் சமாளிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஸ்டூடியோக்காரர்கள் அளவு பார்த்து வைத்த மானிட்டர் அது. வருகிற சிக்னலைத்தான் அதற்கு ஏற்றபடி ஆக்க வேண்டும். ஒவ்வொரு வண்ண வயரிலும் 1 கிலோ ஓம் ப்ரீசெட் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றைத் தொடராகப் போட்டு, முழு ரெசிஸ்டன்ஸில் தொடங்குங்கள். போர்டின் டெஸ்ட் மோடில் வண்ணப் பட்டைகள் வரும். மிகப் பிரகாசமான இரண்டு பட்டைகளுக்கு நடுவே வித்தியாசம் தெரிகிற அளவுக்கு மூன்றையும் மெல்லத் திறந்து, சாம்பல் நிறத்தில் எந்தச் சாயலும் இல்லாதபடி சமன் செய்யுங்கள். போர்டுக்குப் போர்டு இந்த அளவு மாறும். நிறைய போர்டு சேர்க்கிற எண்ணம் இருந்தால், ஆர்கேட் பெட்டி இல்லாமலே போர்டை இயக்க உதவும் ‘சூப்பர்கன்’ ஒன்றை, வீடியோ பஃபர் உள்ள நல்லதாகப் பார்த்து வாங்கிவிடுங்கள். கொடுக்கிற காசுக்குத் தகும். மானிட்டரின் பின்புறத்து ‘அவுட்’ சாக்கெட்டுகளில் எதையும் மாட்டாதீர்கள், பல பி.வி.எம்.களில் அங்கே பிளக் ஏறினால் உள்ளே இருக்கும் 75 ஓம் விலகிவிடும், மறுபடி வெளுக்கும்.

ஜம்மாவின் ஆடியோ, ஸ்பீக்கருக்கென்று பெருக்கப்பட்டது. அதை மானிட்டரின் ஆடியோ சாக்கெட்டில் நேரே செருகக் கூடாது. உதை பட்டன்கள் மூன்றும் ஜம்மாவில் கிடையாது, போர்டில் அவற்றுக்குத் தனிக் கனெக்டர் இருக்கிறது.

மெகா டிரைவுக்கு இந்தக் கேபிள் ஆகாது. அது டிவிக்கென்றே செய்யப்பட்ட கேம் கன்சோல், 75 ஓம் சுமைக்கு ஏற்ற அளவிலேயே ஆர்.ஜி.பி. தரும், ப்ரீசெட் வழியாகக் கொடுத்தால் படம் இருண்டுவிடும். அதற்கான ஸ்கார்ட் கேபிளையும், ஸ்கார்ட்டிலிருந்து பி.என்.சி.க்குப் பிரிக்கும் இணைப்பையும் தனியாக வாங்குங்கள். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஐரோப்பிய ஸ்கார்ட்டும் ஜப்பானிய 21 பின் கேபிளும் பார்வைக்கு ஒரே பிளக். ஐரோப்பியத்தில் டிவிக்குள் சிங்க் போகும் 20-ஆம் பின், ஜப்பானியத்தில் நீலம். மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து எந்தப் பின் எந்த வயருக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.